மேட்ச் என்ற சொல்லின் திரி

சிவகாசியில் ‘மேட்ச்’ என்றால் தீப்பெட்டிதான். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்த தொழில் இது. ஆனால் அந்தச் சொல் தீக்குச்சியைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அதற்கு விளக்குத்திரி என்றே பொருள். பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அதற்கும் பின்னால் விளக்கின் மூக்கையும் மூக்குச்சளியையும் ஒருங்கே குறித்த ‘மைக்ஸா’ என்ற கிரேக்கச் சொல் இருக்கலாம் என்கிறார்கள். ஒழுகும் மூக்கையும் திரி தொங்கும் விளக்கையும் ஒன்றாகக் கண்ட அந்தக் கண் எனக்கு மிகவும் பிடிக்கிறது.

பிறகு துப்பாக்கி மருந்தைப் பற்றவைக்கும் கயிறு அந்தப் பெயரை வாங்கிக்கொண்டது. 1827இல் ஜான் வாக்கர் உரசினால் பற்றும் குச்சியை விற்ற பிறகு பெயர் அதற்கும் வந்தது.

தீக்குச்சி செய்யும்போது குச்சிகளை வரிவரியாகச் சட்டத்தில் இறுக்கி, நுனியை மெழுகில் நனைத்து, பிறகு மருந்தில் முக்குவார்கள். உரசும்போது மருந்து ஒரு நொடி சீறும். தீயை மரத்துக்குக் கொண்டுசேர்ப்பது அந்த மெழுகு. திரிக்கு எண்ணெய் செய்த வேலை அதுவே. ஆங்கிலப் பட்டாசுத் தொழிலில் வேகமாய் எரியும் திரிக்கு இன்றும் ‘குயிக் மேட்ச்’ என்றுதான் பெயர். பழைய பொருள் அங்கே அழியவில்லை.

கிரிக்கெட் மேட்ச் இதற்கு உறவே இல்லை. அது இணை, ஜோடி என்ற பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல்லின் வழி. நம் மத்தாப்பும் உறவில்லை; அது பாரசீகத்து ‘மஹ்தாப்’, அதாவது நிலவொளி.