லோத் நகர வணிகர்

யூத சட்டத் தொகுப்பாகிய மிஷ்னா கி.பி. 200 அளவில் உருப்பெற்றது. அதன் ‘பாபா மெட்சியா’ என்னும் ஏட்டின் நான்காம் அதிகாரம், விலை வஞ்சனையை அளந்து கூறுகிறது. 24 வெள்ளிக்கு 4 வெள்ளி, அதாவது ஆறிலொரு பங்கு ஏமாற்றப்பட்டவர் முறையிடலாம். பொருளை மற்றொரு வணிகரிடமோ உறவினரிடமோ காட்டிவரும் நேரமே அதற்குத் தவணை.

அரபியர் லுத் என்றழைக்கும் லோத் நகரில், ரப்பி தர்போன் அவ்வளவை 8 வெள்ளியாக்கினார். வணிகர் மகிழ்ந்தனர். ‘முறையிட நாள் முழுதும் தவணை உண்டு’ என்றார். உடனே அவர்கள் பழைய விதிக்கே மீண்டுவிட்டனர்!

ஏடு இவ்வளவோடு நிறுத்துகிறது. வணிகரைப் பழிக்கவுமில்லை, காரணம் விளக்கவுமில்லை. இரட்டித்த ஆதாயத்தைவிட, வாங்கியவன் ஆற அமர எண்ணிப் பார்க்கும் ஒரு பகற்பொழுது அவர்களுக்கு அச்சமூட்டியது என்பதை வாசகனே உணர்கிறான். ஒரு வரிக்கு ஒன்பது பக்கம் உபதேசம் எழுதும் உரைகாரர் இச்சிக்கனத்தைக் கவனிப்பாராக.

எனினும், நூல் வணிகனை மட்டும் கட்டுப்படுத்தவில்லை. வாங்கும் எண்ணமின்றி விலை கேட்பதும் சொல்லால் இழைக்கும் வஞ்சனை என்கிறது அதே அதிகாரம். விற்பவனின் ஏமாற்றத்தையும் கணக்கில் எடுத்த இவ்விதியையே யாம் அவ்வேட்டின் சிகரமாகக் கருதுகிறோம்.