போப்பின் ரைமும் தோடரின் இணையும்

குறள் ஆங்கிலத்திலும் கவிதையாக நிற்பதற்குக் காரணம் ஜி.யு. போப் தம் மொழிபெயர்ப்பில் அதற்கு ரைம் கட்டியதுதான் என்று இப்போது மேடைக்கு மேடை சொல்கிறார்கள். ரைமும் நம் எதுகையும் ஒன்றே என்று ஒரு வாலையும் ஒட்டிவிடுகிறார்கள். இரண்டும் தவறு. அதைக் காட்ட நீலகிரியைவிடத் தோதான இடம் இல்லை. ஆங்கில ரைமின் கதையில் இந்த மலைக்குப் பலரும் நினையாத பங்கு உண்டு.

பழங்கதையை ஓட்டமாகச் சொல்லிவிடலாம். ஆங்கிலம் பிறவியிலேயே ரைம் மொழி அல்ல. பியோவுல்ஃப் காலத்துப் பாட்டு, ஏறக்குறைய நம் மோனையைப் போல, முதலொலியில் நின்றது. நார்மன்கள் வந்தபின் பிரெஞ்சுச் செல்வாக்கில் கடையொலி இயைவது வழக்கமாயிற்று. சாசர் அதை நிலைநிறுத்தினார், மில்டன் தம் காவியத்தில் உதறினார். உருப்படியான ஒன்றைச் சொன்னவர் அமெரிக்க விமர்சகர் விம்சாட். ஒலியால் ஒத்த இரு சொற்கள் பொருளால் எவ்வளவு விலகி நிற்கின்றனவோ அவ்வளவுக்கு ரைம் வலுப்பெறும் என்று 1944இல் எழுதினார். 'வூம்' கருப்பை, 'டூம்' கல்லறை. 'பிரெத்' மூச்சு, 'டெத்' சாவு. பிறப்பையும் இறப்பையும் ஒலி ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறது. ஆனால் ஆங்கிலத்தில் இப்படி இயையும் சொற்கள் குறைவு. அதனால் தேய்ந்த சோடிகளே திரும்பத் திரும்ப வரும். சொல் கிடைக்காதபோது கவிஞன் பொருளை வளைப்பான்.

இந்தக் கதையில் மலையின் பங்கு மெக்காலேயிலிருந்து தொடங்குகிறது. அவர் 1834இல் ஊட்டிக்கு வந்தார். மறு ஆண்டு பிப்ரவரியில் அவர் எழுதிய கல்விக் குறிப்பு நமக்கு மனப்பாடம். அவர் ஊட்டியில் வேறொன்றும் செய்தார் என்பது மறந்துபோயிற்று. 1842இல் வெளிவந்த பண்டைய ரோம் பாடல்களின் திட்டம் நீலகிரி அடிவாரக் காட்டில் தோன்றியதாகவும், அவற்றில் பெரும்பகுதி ஊட்டியில் சலிப்போடு தங்கியிருந்தபோதும் வங்கக் கடற்பயணத்தின்போதும் உருவானதாகவும் அவரே கடிதத்தில் சொல்லியிருக்கிறார். தலைமுறை தலைமுறையாக ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகள் ஒப்பித்த ஹொரேஷியஸ் பாடல் அந்தத் தொகுப்பில்தான் இருக்கிறது. அதன் புகழ்பெற்ற ரைம் 'ஆட்ஸ்' – 'காட்ஸ்'. முன்னது எதிரே நிற்கும் மிஞ்சிய பலம், பின்னது தெய்வங்கள். இந்த இரண்டும் ஒலியால் உறவாகிவிட்டால் போருக்குப் போவது கோயிலுக்குப் போவதாகிவிடும். பேரரசுக்கு இதைவிடக் கைக்கு அடக்கமான தத்துவம் கிடைத்திருக்காது. பாட்டு பண்டைய ரோமானியருடையது போலப் பாவனை செய்கிறது, ஆனால் செவ்வியல் லத்தீன் கவிதையின் யாப்பில் கடைரைமுக்கு இடமே இல்லை.

மெக்காலேயோடு பார்த்தால் நகைப்பாட்டுக் கவிஞர் எட்வர்ட் லியர் நேர்மையானவர். 1874இல் பம்பாய் நாளிதழில் வந்த அவருடைய 'கம்மர்பண்ட்' பாட்டில் தோபி, ஆயா போன்ற சொற்களெல்லாம் பொருள் கழன்று, மரமும் மிருகமுமாக உலவும். இடுப்புக் கச்சை ஆளை விழுங்கும். ஒலி மட்டும் போதும் என்றால் எங்கே போய் முடியும் என்பதை அவர் சிரித்துக்கொண்டே காட்டினார். அதே ஆண்டு அவர் நீலகிரிக்கும் வந்தார். 'ஸ்னூட்டி ஊட்டி' என்ற பட்டப்பெயரும் ஒலியை மட்டும் நம்பும் இந்த வகைதான். ஒத்தக்கல்மந்திலிருந்து 'மந்து' உதிர்ந்த பிறகே ஊட்டி, 'கர்வம் பிடித்த' என்ற சொல்லோடு இயையும். உதிர்ந்தது இந்த மலையின் பழங்குடியான தோடரின் குடியிருப்பைக் குறிக்கும் சொல்.

இனி போப். 1870 வரை பத்தாண்டுக்கு மேல் ஊட்டியில் பள்ளி நடத்தியவர். தோடர் மொழிக்குச் சுருக்கமான இலக்கணம் எழுதியவர். அது 1873இல், தோடரைப் பற்றி மார்ஷல் எழுதிய நூலோடு வெளிவந்தது. அவர் உழைப்பை மதிக்கிறேன், குறளுக்கு 1886இல் கட்டிய ரைமை அல்ல. முதற்குறளில் எதுகை 'அகர', 'பகவன்' என்று இரண்டு அடிகளின் தலையில் நிற்கிறது. அடிக்கடை சுதந்திரமாக இருக்கிறது. அங்கே 'உலகு' என்று ஒரு சின்னச் சொல் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. போப்புக்கோ 'மெய்ன்டெய்ன்ஸ்' என்பதற்கு இணை வேண்டும். 'டொமெய்ன்ஸ்' வந்தது. உலகு, உலகின் ஆள்புலங்களாகிவிட்டது. வள்ளுவர் வைக்காத அரசாட்சியை ரைம் கொண்டுவந்து வைத்தது. ரைமுக்கு நம் இலக்கணத்தில் உள்ள பெயர் எதுகையல்ல, இயைபு. குறள்வெண்பா அதைக் கேட்பதில்லை. எப்போதாவது அதிர்ஷ்டம் அடிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இனியவை கூறலின் கடைசிக் குறளில் 'யூஸ்' – 'சூஸ்' இயைந்ததால், காயைக் கவர்வது தெரிந்தே தேர்ந்தெடுப்பதாகக் கூர்மைபெற்றது. ஆனால் அந்தக் குறளின் உயிர் இனிய – இன்னாத, கனி – காய் என்ற பொருளிணைகளில் இருக்கிறது.

இந்தப் பொருளிணையையே யாப்பாக வைத்துப் பாடியவர்கள் போப்பின் பள்ளிக்கு அருகில் எருமை மேய்த்துக்கொண்டிருந்தார்கள். மொழியியலாளர் எம்.பி. எமெனோ 1930களில் நீலகிரிக்கு வந்து திரட்டிய தோடர் பாடல்கள் 1971இல் ஆக்ஸ்ஃபோர்டில் நூலாயின. பாட்டு குறுகிய சொற்கட்டுகளாக நடக்கிறது. கட்டுகள் இணை இணையாக வருகின்றன. ஒன்றைச் சொன்னால் மரபு அதற்கென்று வைத்திருக்கும் துணையும் கூடவே வந்தாக வேண்டும். எருமை, மந்து, இறந்தவர், கோயில் என்று அவர்கள் வாழ்வின் ஒவ்வொன்றுக்கும் தயாராகச் சொல்லிணை உண்டு. அவற்றைக் கோத்து அந்த இடத்திலேயே புதுப்பாட்டு கட்டுவார்கள். ஒலி ஒற்றுமை அங்கே அச்சாணி அல்ல. தேய்ந்த சோடிகள் என்று இதையும் ஒதுக்கலாமா? முடியாது. ஆங்கில ரைமில் சோடியைத் தீர்மானிப்பது உச்சரிப்பின் தற்செயல். தோடர் பாட்டில் அதைத் தீர்மானித்தது ஒரு சமூகத்தின் வாழ்வு.

போப்புக்கு இது அந்நியமாக இருந்திருக்க முடியாது என்பதுதான் என் ஆதங்கம். எபிரேயச் சங்கீதங்கள் பொருளிணையால் நடப்பவை என்று 18ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் லவுத் விளக்கியிருந்தார். 1611இன் ஆங்கில விவிலியம் ரைம் இல்லாமலே அவற்றைக் கவிதையாக நிறுத்திக் காட்டியது. பாதிரியாரான போப் அன்றாடம் ஓதிய நூல் அது. அந்த வழி கையிலிருக்க, அவர் விக்டோரியா காலத்து ரைமைத் தேர்ந்தார். நாம் இன்றும் அதற்கு மாலை போடுகிறோம். குறளை அடுத்து ஆங்கிலத்தில் பெயர்க்கப்போகிறவர் போப்பை மூடிவைத்துவிட்டு எமெனோவைத் திறக்கட்டும். நம் பல்கலைக்கழகங்களின் யாப்பிலக்கண வகுப்பிலும் யாப்பருங்கலக் காரிகைக்குப் பக்கத்தில் தோடர் பாட்டுக்கு ஓர் இடம் கொடுக்கட்டும்.