ஓவர்கிளாக்குக்கு ஏன் காசு?

ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு 2022 அக்டோபரில் 1,599 டாலருக்கு வந்தது. இந்தியாவில் 1,55,000 ரூபாய். அதே சிப்பை ஏசஸ் 'ஸ்ட்ரிக்ஸ் ஓசி' என்று 1,999 டாலருக்கு விற்றது. விலை 25 சதவீதம் கூட. பூஸ்ட் வேகமோ 2,520 மெகாஹெர்ட்ஸிலிருந்து 2,640 வரைதான். 5 சதவீதம்கூட இல்லை. கூலர் பெரிசு, சரி. ஆனா அந்த வேகத்தை ஆஃப்டர்பர்னரில் நாமே சும்மா ஏத்திக்கலாமே? ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேபிளுக்கு 50 ரூபாய் பேரம் பேசுற நாம இதை மட்டும் கேட்பதில்லை.

அதோட, தாம்பரத்து மே மாசத்தில் மூடின அறைக்குள் 450 வாட் என்பது ஒரு குட்டி ஹீட்டர். அந்தச் சூட்டை வெளியே தள்ள ஏசி தனியா கரண்ட் தின்னும். இங்கே பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்க: 135 வாட் வரை மிச்சம், வேகம் சில சதவீதமே குறையும். நம்ம வெயிலுக்கு அதுதான் டியூனிங்.