கொறங்காடு

காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் போகிறவர்களுக்குக் கிளுவை வேலிதான் முதலில் கண்ணில் படும். வேலிக்குள்ளே இருப்பது கொறங்காடு: ஆடு மாடுகளுக்கென்றே விடப்பட்ட மேய்ச்சல் நிலம். மழை குறைவு, மண்ணெல்லாம் சரளை. நெல்லுக்கு உதவாத அந்தப் பூமியில் கொழுக்கட்டைப் புல் வேரைப் பிடித்துக்கொண்டு கோடையெல்லாம் காய்ந்து கிடக்கும். ஒரு நல்ல மழை போதும், துளிர்த்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த வேலி. கிளுவைப் போத்தை வெட்டி நட்டால் உயிர்பிடித்து, முள்ளும் கிளையுமாய் நெருங்கி வளர்கிறது. படலைச் சாத்திவிட்டால் மேய்க்க ஆள் வேண்டியதில்லை. ஒரு காட்டில் புல் தீர்ந்ததும் அடுத்த காட்டுக்கு ஓட்டிவிடுகிறார்கள்.

இடையிடையே வெள்வேல மரங்கள். நிழல் தருவதோடு, வறண்ட மாதங்களில் அவற்றின் நெற்றுதான் ஆட்டுக்குத் தீனி. தின்ற ஆடு கொட்டையைப் புழுக்கையோடு போட, அடுத்த மரம் முளைக்கிறது. விதைக்க ஆள் தேடாத இந்த ஏற்பாட்டை நினைக்க நினைக்க வியப்புதான்.

இங்கே வளர்ந்ததுதான் காங்கயம் மாடு. பழையகோட்டைப் பட்டக்காரர்கள் பேணிய இனம். கன்று செவலையாய்ப் பிறந்து, ஆறு மாத வாக்கில் சாம்பல் நிறத்துக்கு மாறும். காளைக்குத் திமிலும் கழுத்தும் கறுக்கும். காயடித்துவிட்டால் அந்தக் கருமை வெளுத்துப்போகும்.

இப்படிப்பட்ட காட்டை மனைகளாய்ப் பிரித்து விற்கும் பலகையைப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. வேலியை ஒரே நாளில் பிடுங்கிவிடலாம். போத்து நட்டு, ஆட்டுக்குட்டி நுழையாத அளவுக்கு அது மறுபடி அடர வருஷக்கணக்காகும்.