36 வாக்கியங்களும் ஒரு லயத்து வீடும்

கம்பெனி நம் உழைப்பை மதிக்கிறதா, நம் நலனில் அக்கறை காட்டுகிறதா என்று தொழிலாளி என்ன நினைக்கிறார்? இதை அளக்க 1986ல் ராபர்ட் ஐசன்பர்கரும் சக ஆய்வாளர்களும் 36 வாக்கியங்கள் கொண்ட ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். ஐடி கம்பெனியில் வருஷாவருஷம் நாம் டிக் அடிக்கிற சர்வேக்களில் அதன் சாயல் நிறையவே தெரியும். கோட்பாடு எளிமையானது: அக்கறையை உணர்ந்தவர் பதிலுக்கு உழைப்பையும் விசுவாசத்தையும் தருவார். இன்னொரு நுணுக்கமும் உண்டு. கம்பெனி தானாக விரும்பிச் செய்ததற்குத்தான் மதிப்பு அதிகம், சட்டத்துக்காகச் செய்தது அவ்வளவாகக் கணக்கில் வராது.

இதை அப்படியே நீலகிரிக்குக் கொண்டுவந்து பாருங்கள், இடிக்கும்.

1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968ல் தொடங்கிய அரசுத் திட்டம்தான் 1976ல் டேன்டீ ஆனது. தலைமை அலுவலகம் குன்னூர். இங்கே வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைக் காப்பகம் எல்லாம் 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் கட்டாயமாக்கியவை. கோட்பாட்டின்படி இவற்றால் பெரிய நன்றியுணர்ச்சி வரக்கூடாது. ஆனால் திரும்பி வந்த குடும்பத்துக்கு அந்த லயத்து வீட்டை விட்டால் ஊர் என்று சொல்ல வேறு எது இருக்கிறது? ஊர்க்காரர்கள் இன்றும் "சிலோன்காரங்க" என்றுதான் சொல்கிறார்கள். பிள்ளைகள் பிறந்தது அந்த லயத்தில். ரிட்டையர் ஆனால் காலி பண்ண வேண்டியதும் அதே வீட்டைத்தான்.

கூரை ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜார்க்கண்டிலிருந்தோ அசாமிலிருந்தோ சில வருஷம் சம்பாதிக்க வந்தவருக்கு அது தங்குமிடம். பக்கத்து எஸ்டேட்டில் நல்ல வீடு கிடைத்தால் கிளம்பிவிடுவார். கோட்பாடு சொல்வதும் அதைத்தான். ஆனால் டேன்டீ குடும்பம் தானே தகரம் வாங்கிப் போடும், மனு கொடுக்கும், தேவைப்பட்டால் ஆபீஸ் முன்னால் உட்காரும். அதே ஒழுகல், அதே கம்பெனி. கேள்வித்தாளில் இந்த இரண்டாவது ஆளுக்கு 'ஆதரவு' மிகக் குறைவு, 'ஒட்டுதல்' மிக அதிகம் என்று வரும். ஆய்வாளர் அதை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடுவார். அதுதான் தப்பு.

ஒட்டுதல் அதிகமானால் உதவிக்கு நன்றி அதிகமாகும் என்று நாமாக ஊகிக்கிறோம். இங்கே நடப்பது வேறு. "இது எங்க இடம்" என்று ஆனபிறகு உதவி உரிமையாகிவிடுகிறது. உரிமைக்கு யாரும் நன்றி சொல்வதில்லை, குறைந்தால் சண்டைதான் போடுவார்கள். எச்ஆர் பாஷையில் இதற்கு 'அதிருப்தி' என்று பெயர். வெளியேற வழி இருப்பவரை வைத்து உருவான அளவுகோல் அப்படித்தான் சொல்லும். வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையை அந்த 36ல் ஒரு வாக்கியமும் தொடவில்லை.

நானாக இருந்தால் 37வதாக ஒன்று சேர்ப்பேன்: "வேலையை விட்டபிறகு எங்கே போவீர்கள்?"