கொல்லி செல்லின் நிதானம்

நம் ரத்தத்தில் உலவும் இயற்கைக் கொல்லி செல் எந்நேரமும் ஆயுதம் தரித்தே திரிகிறது. எதிர்ப்படும் செல்லின் சவ்வைத் துளைக்கும் பெர்ஃபோரினும், உள்ளே புகுந்து மாய்க்கும் கிரான்சைமும் அதன் துகள்களில் நிறைந்திருக்கின்றன. ஆனாலும் என் மனத்தைக் கொள்ளை கொள்வது அந்தப் படைக்கலம் அல்ல. அதை ஓங்கவிடாமல் நிறுத்தி வைக்கும் மெல்லிய ஏற்பிகள்தாம்.

இந்தச் செல் இன்னொரு செல்லை ஒட்டி நிற்கும் கணத்துக்கு அருகே போய்ப் பாருங்கள். கே.ஐ.ஆர். என்னும் தடுப்பு ஏற்பி, எதிர்ச் செல்லின் மேல் எம்.எச்.சி. முதல் வகைப் புரதம் இருக்கிறதா என்று தொட்டறிகிறது. இருந்தால் நம்மவர், விட்டுவிடுகிறது. வைரஸோ புற்றோ அந்தப் புரதத்தை மறைத்துவிட்டால் தடை தளர்கிறது. தூண்டும் சமிக்ஞைகளின் கை ஓங்குகிறது. பகையின் முகத்தைத் தேடாமல், உறவின் முகம் காணோமே என்று பதறும் பேரழகு இது! ஸ்வீடனின் கிளாஸ் கார்ரேயும் அவருடைய சகாக்களும் 1986-இல் எலிகளில் இதைச் சோதித்துக் காட்டினார்கள்.

ஏற்பியின் வால் செல்லுக்குள் நீண்டிருக்கிறது. அதில் ஆறே அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு வரிசை. மூன்றாவதாக ஒரு டைரோசின். இங்கேதான் கொஞ்ச நேரம் நின்று ரசிக்க வேண்டும். கொல்லத் தூண்டும் சமிக்ஞையை ஏற்றிவிடும் அதே எஸ்.ஆர்.சி. குடும்ப நொதிகளே, இந்த டைரோசின் மீதும் பாஸ்பேட்டைச் சூட்டுகின்றன. வேகத்தைப் பிறப்பிக்கும் கையே நிதானத்தையும் பிறப்பிக்கிறது. உடனே எஸ்.எச்.பி-1 என்னும் நொதி வந்து ஒட்டிக்கொண்டு, தூண்டும் புரதங்களில் ஏறிய பாஸ்பேட்டுகளைக் கழற்றுகிறது. அதுவும் இரு செல்களும் தொட்டுக்கொண்ட இடத்தில் மட்டும். அந்தச் செல்லை விட்டு விலகியதும் கொல்லி மீண்டும் பணிக்குத் தயார். எவ்வளவு அளவான, எவ்வளவு கனிவான கட்டுப்பாடு!

எலியிடம் இதே வேலையைச் செய்வது லை-49 என்ற ஏற்பி. வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் உறவே இல்லை: நம்முடையது இம்யூனோகுளோபுலின் சாயல், எலியுடையது லெக்டின் சாயல். உள்ளே வாலில் மட்டும் அதே ஆறு அமினோ அமில அமைப்பு. வெவ்வேறு வழியில் நடந்த பரிணாமம், இந்த ஒரு நுணுக்கத்தில் வந்து கைகோத்திருக்கிறது.

மருத்துவமும் இந்த நயத்தைக் கண்டுகொண்டது. ரத்த மூலச்செல் மாற்றுச் சிகிச்சையில், தானம் தந்தவரின் கொல்லி செல்கள் தேடும் எம்.எச்.சி. வடிவம் நோயாளியிடம் இல்லாதபோது, மைலாய்டு ரத்தப்புற்று திரும்புவது குறைந்ததை இத்தாலியின் பெருஜியா ஆய்வுக்குழு 2002-இல் வெளியிட்டது.