மீட்டருக்குத் தெரியாத வர்ணம்

ரகுபீர் சிங் (1942–1999) வர்ணத்தை இந்தியப் பார்வையின் ஆதாரமாகக் கொண்டவர். 1998ல் வந்த ‘ரிவர் ஆஃப் கலர்’ தொகுப்பில் இதை ஒரு கொள்கையாகவே முன்வைத்தார். அவர் பல வருஷங்கள் உபயோகித்தது கோடக்ரோம் ஸ்லைடு ஃபிலிம். அந்தக் கொள்கையோடு சேர்த்து யோசிக்க வேண்டியது ஒன்றுண்டு: காமிராவின் மீட்டருக்கு வர்ணம் தெரியாது.

தன் முன்னிருக்கும் எதையும் நடுத்தரச் சாம்பலாக, ஏறக்குறைய 18 சதவீத ஒளியைத் திருப்பியனுப்பும் பரப்பாக, அது எண்ணிக்கொள்கிறது. ஆமத்தூரில் ஒரு தொழிலாளி தாழ்வார நிழலில் நிற்கிறார். பின்னால் வெயிலில் சுண்ணாம்படித்த சுவர். மீட்டர் சுவரைச் சாம்பலாக்கும், முகம் கரியாகிவிடும். முகத்தருகே சென்று அளந்தால் முகம் தெளியும், சுவர் வெளிறும். நெகட்டிவானால் பிரிண்ட் போடும்போது ஓரளவு சரிக்கட்டலாம். ஸ்லைடிலோ காமிராவுக்குள் ஓடிய ஃபிலிமே இறுதிப் படம். அரை ஸ்டாப் பிசகினாலும் தெரியும்.

ஆக, பழுதில்லாத மீட்டரும் இங்கே போதாது. எதை அளப்பது என்பதை அது சொல்வதில்லை. அது மனிதன் எடுக்க வேண்டிய தீர்மானம்.

ஸ்லைடுக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மூன்றிலொரு பங்கு ஸ்டாப் குறைத்து எடுப்பார்கள், வர்ணம் செறியும். வர்ண அச்சுக்கு ஸ்லைடையே விரும்பிய காலம் அது. புடவையின் சிவப்பு செறிந்தது. அதைக் கட்டியிருந்தவளின் கறுத்த முகம் மேலும் இருண்டது. இதை ‘வர்ண ஜாலம்’ என்று புகழ்ந்ததோடு நம் விமர்சனம் நின்றுவிட்டது.

பட்டாசு ஆலையிலிருந்து வெளிவரும் தொழிலாளியின் கையிலும் முகத்திலும் அலுமினியப் பொடி படிந்து மினுங்கும். பொடியை அளந்தால் தோல் இருளில் போகும். தோலை அளந்தால் பொடியின் மினுக்கம் வெளிறும். படத்துக்கு அழகு தருவது பொடி. ஆனால் அந்தத் தோல்தான் அவருடையது.

கோடக்ரோம் தயாரிப்பு 2009ல் நின்றது. கான்ஸாஸிலிருந்த கடைசி லாப் 2010 டிசம்பரோடு டெவலப் செய்ய அதைப் பெற்றுக்கொள்வதை நிறுத்தியது. இன்று படத்தைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். தீர்மானம் தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவே.

வங்கியில் சராசரி இருப்பைக் கணக்கிடுவது என் வேலை. சராசரியில் எந்த மனிதரும் இருப்பதில்லை. வர்ணப் படத்தைப் பார்க்கும்போது வர்ணம் எப்படி என்பதற்கு முன், எது அளக்கப்பட்டது, எது இருளில் விடப்பட்டது என்று கேட்டாக வேண்டும்.